காந்தத்தில் ஒட்டிய தூள்

காந்தலூர்,
ஜூலை 16, புதன்

அன்பு மகள் ஆனந்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீ ஜப்பானில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் அந்தச் சுகம் முழுதாகும். பூண்டு பறிப்பு தொடங்கிவிட்டது. மழையால் அப்பாவின் ஜீப்புக்கு ஓட்டம் இல்லை, "சும்மா இருந்தா இடுப்பு புடிச்சிக்கிடுது" என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறார்.

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபால்ட் உப்பையும் ஏதோ ஓர் அமிலத்தையும் தண்ணீரில் கலந்து, மூடிய குடுவையில் மூன்று நாள் சூடாக்கினால் ரோஜா நிறத்தில் படிகம் விளையும், உள்ளே ஏடு ஏடாக அடுக்கியிருக்கும், கடுங்குளிரில் ஓர் ஏட்டின் காந்தம் மேலே பார்த்தால் அடுத்த ஏட்டினுடையது கீழே பார்த்து அதை இல்லாமல் ஆக்கிவிடும் என்றாய். அதுவரை புரிந்தது. உன் படிகத்தில் மட்டும் சாதாரணச் சூட்டிலும் கொஞ்சம் காந்தம் மிஞ்ச, பேராசிரியர் மகிழ்ந்து கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார். மறுபடி செய்தபோது அது இல்லை. முதல் தடவை பழைய எஃகுக் கரண்டியால் சுரண்டி எடுத்ததில் இரும்பு கலந்திருக்கும் என்பது அப்போதுதான் உனக்கு உறைத்திருக்கிறது. "வெள்ளிக்கிழமை கட்டுரை போகுது, இப்பப் போய் எப்படிம்மா சொல்ல" என்று அழுதாய்.

எனக்கு நான் வேலை பார்த்த டீ ஃபேக்டரியில் தூளைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் அறை ஞாபகம் வந்தது. காய்ந்த தேயிலை ஓடிவரும் பெல்ட்டுக்கு மேலே நீளமாக ஒரு காந்தம் இருக்குமே, உருளைகளிலிருந்து உதிரும் இரும்புத் தூளை அது பிடித்துக்கொள்ளும், மணிக்கொரு தரம் அதைத் துடைப்பது என் வேலை. பள்ளி விட்டு வந்து நீ அந்தத் தூளைக் காகிதத்தில் கொட்டி, அடியில் சின்னக் காந்தத்தை நகர்த்தி, மயிர்க்கூச்செறிவதுபோல் நிற்கவைப்பாய். ராமுத்தாய் அக்கா "உம் மவ இரும்புக்குப் பேன் பாக்கா, பாரு" என்று சிரிப்பாள். கண் இமைவரை தேயிலைத் தூசியோடு நாம் இருவரும் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு நடந்த அந்தச் சாயங்காலங்கள் இப்போதும் அப்படியே இருக்கின்றன.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நீ நாலாவது படித்த வருடம், ஒரு மழைநாளில் மூன்று மணி நேரம் காந்தத்தைத் துடைக்க மறந்துவிட்டேன். பார்த்தபோது தூள் கொத்தாகத் தொங்கியது, மீதி தேயிலையோடு போயிருந்தது. இருபத்திரண்டு மூட்டை தைத்தாகிவிட்டது. ஃபேக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் பாஸ்கலிடம் சொல்லப் போனவள், வேலை போய்விடுமே என்று அவர் அறை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். லாரி போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆனதாகக் கேள்விப்படவில்லை. ஆனால் இந்தப் பதினெட்டு வருடத்தில் எந்த டீயிலும் கடைசி மடக்கை நான் குடித்ததில்லை. ஏன் என்று அப்பாவுக்கே தெரியாது.

உன்னைப் போய் உண்மையைச் சொல் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. ஆனாலும் நாளைக்கே பேராசிரியரிடம் போய்விடு தாயே. இந்தக் கடிதம் தபாலில் வந்தால் வெள்ளி தாண்டிவிடும், போனில் படம் பிடித்து அனுப்ப எனக்குத் தெரியாது, அப்பாதான் அனுப்பவேண்டும். அவர் படிக்காமல் அனுப்பமாட்டார். படிக்கட்டும்.

முனீஸ்வரன் உன் பக்கம் நிற்பார். போகும்போது இரண்டு தடவையும் அளந்து எழுதிய தாள்களையும் கையில் எடுத்துக்கொள்.

உன் அம்மா
குருவம்மாள்