விரிப்பின் மறுமுனை

அனுப்புநர்:
மடிப்புப் பணியாளர், இரண்டாம் மேசை,
மருத்துவமனைச் சலவைக்கூடம், தரைத்தளம்.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
மருத்துவமனை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: என் மேசைத் துணையான அக்காவுக்குக் கொடுத்த குறிப்பாணையைத் திரும்பப் பெறவும், தரைத்தளக் கழிப்பறையைத் திறந்துவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. கட்டில் விரிப்புகளை எங்கள் மேசையில் இருவராக மடிப்போம், ஆளுக்கொரு முனை. எதிர்முனையில் நிற்பவர் எனக்கு உறவல்ல. சேர்ந்து வேலை செய்ததில் அக்கா ஆனவர். சென்ற வாரம் தாங்கள் பார்வையிட வந்தபோது, அவர் ஒரு முனையை உலர்த்தும் எந்திரத்தின் கதவிடுக்கில் செருகிவிட்டுத் தனியாக மடித்துக்கொண்டிருந்தார். விரிப்பு தரையில் புரண்டது. அசட்டையாக வேலை செய்கிறார், ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று குறிப்பாணை கொடுத்தீர்கள். அந்த மறுமுனையில் நிற்க வேண்டியவள் நான்.

2. எனக்குத் தீராத நரம்பு நோய். காலில் தொடங்கிக் குடலுக்கும் வந்துவிட்டது. குடலும் மூளையும் ஓயாமல் சேதி பரிமாறிக்கொள்பவையாம். "ஒன்னு மக்கர் பண்ணா இன்னொன்னும் சேர்ந்து படுத்துக்கும்மா" என்றார் மருத்துவர். வயிறு அடைத்துக்கொண்ட நாளில் உடம்பு ஈரப் போர்வை போலக் கனக்கிறது. தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை. திடீரென வயிறு கலக்கினால் தாங்காது. தரைத்தளக் கழிப்பறையில் உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். மாடி ஏறிப் போய்த் திரும்பினால் கைகால் ஓய்ந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

3. வேலை போய்விடுமோ என்று நோயை மறைத்தேன். வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். "நேத்து எந்த விருந்துல வெளுத்து வாங்குன?" என்று மற்ற மேசைக்காரர்கள் கேலி செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மை தெரிந்தவர் அக்கா மட்டுமே. "நீ போய்ட்டு வா, துணிதானே, நான் பாத்துக்கிறேன்" என்பார். இன்னொருவர் எங்கே என்று தாங்கள் கேட்டபோதும், சாமான் அறைக்குப் போயிருக்கிறாள் என்று எனக்காகப் பொய் சொன்னார். கதவுக்கு அப்பால் நின்று அதைக் கேட்டேன். உள்ளே வந்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து ஒரு விரிப்பும் மடிக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அம்மா.

4. எனவே அக்காவின் மீதான நடவடிக்கையைக் கைவிடுமாறும், தரைத்தளக் கழிப்பறையைத் திறந்துவிடுமாறும், யாரையேனும் நீக்கியே தீர வேண்டுமெனில் என்னை நீக்குமாறும் பணிந்து கேட்கிறேன். நீக்காவிட்டால் உட்கார்ந்து செய்யும் வேலை எதுவானாலும் செய்வேன்.

இம்மனுவை நானே மாடி ஏறி வந்து தருகிறேன். இறங்கும்போது வழியில் உட்கார நேரும். நான் திரும்பும்வரை அக்கா தனியாகத்தான் மடிப்பார். தயவுசெய்து அந்த நேரத்தில் பார்வையிட வந்துவிடாதீர்கள்.

இடம்: சலவைக்கூடம்
நாள்: வியாழக்கிழமை

தங்கள் கீழ்ப் பணிபுரியும்,
(ஒப்பம்)
இரண்டாம் மேசைப் பணியாளர்