நாலு எண்ணிக்கை முன்னால்

இன்று காலை வயோலா பெட்டியைத் திறந்தேன். நீ கொடுத்த ரோசின் கட்டி, வில்லில் தேய்க்கிற பிசின், இந்த ஊர்ப் புழுக்கத்தில் இளகிப் பெட்டித் துணியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிய்த்தெடுத்தேன். விரலெல்லாம் மரப்பிசின் வாசனை. உன் வாசனை என்று எழுத ஆசைதான். ஆனால் உன் வாசனை ஜர்தா பீடா.

பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் நம் இடம் பின்வரிசை. முன்னால் குச்சியை ஆட்டுகிறவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே, யார் தலையில் விக் என்று தமிழில் வம்பளப்போம். அங்கிருந்து தந்தி வாத்தியக்காரர்கள் பதினோரு பேர், கண்டக்டரே இல்லாமல் வாசிப்போம் என்று பெஹாலாப் பக்கம் ஒரு மாடி அறையில் கூடியபோது நீதான் அந்த விதியைக் கொண்டுவந்தாய்: ஒத்திகையை நிறுத்துகிறவர் முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அடுத்தவர் தப்பு. நான் அந்த விதியை மிகவும் மதித்தேன். அதனால் ஒருநாளும் ஒத்திகையை நிறுத்தியதில்லை.

முதல் கச்சேரியில் நாலு எண்ணிக்கை முன்னாலேயே புகுந்துவிட்டேன். அத்தனை பெரிய அரங்கில் என் வயோலா மட்டும் தன்னந்தனியாக. அரை நொடிதான். உன் செல்லோ என்னோடு குதித்தது. செல்லோ போனபின் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மறுவாரம் ஒத்திகையை நிறுத்தினாய். "தப்பு என்னுது, அவசரப்பட்டுட்டேன்" என்று அவர்களிடம் வங்காள மொழியில் சொன்னாய். நான் மும்முரமாகத் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் கேட்டேன். "ஏண்டா அப்படிச் சொன்னே?"

மண்குவளையை ஊதினாய். "நீ முழிச்ச முழி சகிக்கலடா. எப்பத் தோணுதோ அப்ப நீயே சொல்லு."

ஒன்பது வருஷமாகத் தோன்றவில்லை. அதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போன ஞாயிறு கூட்டம் போட்டோம். உன் காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்தே எல்லோரும் தடுமாறுகிறோம். முதல் வயலின் மாலவிகா தீதி, நம் எல்லோருக்கும் அக்கா, "பேசாமல் ஒரு கண்டக்டரை வைத்துக்கொள்வோம்" என்றார். என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "செல்லோ வாசித்த அவரே முதல் கச்சேரியில் முந்தியவர்தானே, நாமெல்லாம் எந்த மூலைக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னையே சாட்சிக்கு இழுத்து உன் குழுவை மூடுவதா? எழுந்துவிட்டேன். "நிறுத்துங்கள். முதலில் என் தப்பு. அன்றைக்கு முந்தியது நான்."

தீதி சிரித்தார். "ஜானி தோ, தாதா!"

தெரியுமே அண்ணா, என்கிறார். அத்தனை பேருக்கும் தெரியுமாம். "காதை நம்பித்தானே வாசிக்கிறோம், இது கேட்காமல் போகுமா? நீங்களாகச் சொல்லும்வரை மூச்சு விடக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். இனிமேல் பொறுக்க முடியாது என்று உங்களைக் கொஞ்சம் கிள்ளிப் பார்த்தேன்."

நீங்களே வாய் திறந்துவிட்டீர்கள், இனிக் குச்சி எதற்கு என்றார். கண்டக்டர் பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த மாதம் கச்சேரி. செல்லோவுக்கு நியூ டவுனிலிருந்து ஓர் அம்மா வருகிறார். நன்றாக வாசிப்பார், ஆனால் உன் இடம் என்பதால் பயம். நேற்று ஒத்திகையில் நாலு எண்ணிக்கை முன்னாலேயே புகுந்துவிட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. என் வில் அவரோடு குதித்துவிட்டது.