லாக்கில் ஒன்றும் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஆபீஸில் கைதட்டல். டயாலிசிஸ் சென்டருக்கு நாங்கள் செய்துகொடுத்த வெப்சைட்டில் இருபது நாளாக ஒரு எர்ரரும் இல்லை. காலையில் எர்ரர்கள் பதிவாகும் லாக்கைத் திறந்து பார்த்து, காலியாக இருந்தால் போர்டில் பச்சை டிக் போடுவது என் வேலை. போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

திருவேங்கடம் ஊரிலிருந்து தங்கசாமி என்பவர் டயாலிசிஸுக்கு பஸ் ஏறி வந்திருக்கிறார். அவருடைய முறையை வேறு நாளுக்கு மாற்றிவிட்டார்கள், அதைச் சொல்லும் மெசேஜ் எங்கள் வெப்சைட்டிலிருந்து அவருக்குப் போகவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் மூச்சுத்திணறல், இப்போது ஐசியூவில்.

எங்கள் டீம் லீட் குருபிரசாத் சொல்கிறார்: "லாக் கிளீனா இருக்கு. சென்டர் ரிசப்ஷன் பிள்ளதான் மெசேஜ் பட்டன அமுக்க மறந்திருக்கும்."

அந்தப் பிள்ளை நஸ்ரின் பானு போனில் அழுதாள். "அமுக்குனேன்க்கா. அனுப்பியாச்சுன்னு வந்துச்சே."

சென்டர் மேனேஜர் என்னையும் கேட்டார். லாக்கில் ஒன்றும் இல்லை என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

நஸ்ரினை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 7, சனி

மெசேஜ் அனுப்பும் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அசிங்க் (async) மெத்தட், முடியும்வரை காத்திருக்காத வகை. வெப்சைட் பக்கம் வேகமாக வரவேண்டும் என்று அதைப் பின்னால் ஓடவிட்டுவிட்டு, அது முடிவதற்குள்ளேயே திரையில் 'அனுப்பியாச்சு' காட்டுகிறோம். பின்னால் ஓடுவது பாதியில் விழுந்தால்? எங்கேயும் பதிவாகாது. விழுந்ததை எழுதாத லாக் காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம், கூறுகெட்டவர்கள்!

குருவிடம் சொன்னேன். "அடுத்த வெர்ஷன் ரிலீஸ்ல பாப்போம் வித்யா. இப்ப எதுக்குப் போட்டு நோண்டுத?"

நோண்டுவேன். ஒரு பிள்ளையின் வேலை போயிருக்கிறது, ஒரு மனுஷன் ஐசியூவில் கிடக்கிறார், இவருக்கு ரிலீஸ் பெரிசு. பின்னால் விழும் எர்ரர்களைப் பிடித்து லாக்கில் எழுத நாலு வரி. அவரைக் கேட்காமலே வெப்சைட்டில் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

மதியத்துக்குள் ஏழு எர்ரர். ஏழும் ஒரே இடத்தில்.

செல் நம்பர் கட்டத்தில் இரண்டு நம்பர் இருந்தால் புரோகிராம் விழுந்துவிடுகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் யார் ஒற்றை நம்பர் கொடுக்கிறார்கள்? தன்னுடையது ஒன்று, எடுக்காவிட்டால் மகளுடையது ஒன்று, நடுவில் ஒரு சாய்கோடு. தங்கசாமியும் அப்படித்தான் கொடுத்திருந்தார். இந்த ஊரில் பிறந்தவருக்கு இது தெரியாதா என்று, அந்தப் புரோகிராமை எழுதிய ஆளைத் திட்டிக்கொண்டே பெயரைத் தேடினேன்.

என் பெயர்.

மார்ச் 10, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதி சென்டர் மேனேஜருக்கு அனுப்பினேன். "ஒம் பேர எடுத்துட்டு அனுப்பு" என்றார் குரு. எடுக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தங்கசாமி வீட்டுக்கு வந்துவிட்டார். நஸ்ரினைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவள் போகவில்லை. நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"லாக்க நம்புனிய. என்னைய நம்பலயேக்கா."

போனை வைத்துவிட்டாள்.