ஒரு சொட்டும் இறங்காத காமிரா

28 அக்டோபர் 1991
பிள்ளைப்பாக்கத்தில் நல்ல மழை. மேட்டுக் கம்பெனிக்காரன் இன்றும் சாயத் தண்ணீரை எங்கள் கால்வாயில் திறந்துவிட்டான். மழை வலுத்தால்தான் திறப்பான். விட்டதும் எல்லாம் கழுவிப் போய்விடும். யார் வந்து பார்த்தாலும் வெறும் கால்வாய். நெல் மட்டும் அடியிலிருந்து கருகுகிறது. இந்தச் சம்பாவும் போனால் விவசாயத்துக்கே முழுக்கு என்கிறார் அப்பா. படம் எடுத்து கலெக்டர் ஆபீசில் காட்டினால் என்ன?

30 அக்டோபர்
என்னோடு படித்த ஜோயல், பென்னலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். காமிரா கேட்டேன். மழையில் எடுக்க என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு சொட்டு உள்ள போனா லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிக்கும் சசி. அப்பால என் பொழப்பு இன்னா ஆவறது?" அவன் கேட்டதில் தப்பில்லை. கெஞ்சித்தான் வாங்கி வந்தேன்.

2 நவம்பர்
மழை இல்லை. காமிராவைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் பைக்குள்ளேயே வியர்த்திருக்கிறது. எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, லென்ஸ் தப்பியது. துணி சுற்றி அரிசி டப்பாவில் வைத்தேன். சோற்றுக்கே அரிசி இல்லை, இதற்கு மெத்தையா என்று அம்மா முணுமுணுத்தாள்.

6 நவம்பர்
தீபாவளிக்கு மறுநாள். கொட்டித் தீர்த்தது. ரொட்டி உறையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் காமிராவோடு கட்டினேன். அப்பா குடை பிடித்தார் - காமிராவுக்கு மட்டும். நாங்கள் இருவரும் தொப்பலாக நனைந்தோம். எட்டுப் படம்.

14 நவம்பர்
படங்கள் வந்துவிட்டன. குழாய், மை மாதிரித் தண்ணீர், கரையில் நின்ற கொக்கு, எல்லாம் தெளிவு. ஜோயல் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

18 நவம்பர்
கலெக்டர் ஆபீசில் ஓர் அதிகாரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "காமிரா நனைஞ்சிருக்கும்மா. ஈரம் பட்டா படம் இப்படித்தான் கறுப்பா விழும்." நனையவில்லை சார், நாங்கள்தான் நனைந்தோம் என்றேன். வெயிலில் எடுத்து வரச் சொன்னார். வெயிலில் எதை எடுக்க? அதே படத்தில் கொக்கு வெள்ளையாகத்தானே நிற்கிறது? இது பஸ் ஏறின பிறகுதான் தோன்றியது. பாவி. நானும் ஒரு முட்டாள்.

9 டிசம்பர்
கதிர் பால் பிடிக்கவில்லை. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துப் போட்டோம். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

30 டிசம்பர்
அப்பாவுக்கு அந்தக் கம்பெனியிலேயே வாட்ச்மேன் வேலை. காக்கிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். என்ன வேலை பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கேட்டாண்ட நிக்கணும். மழை வந்தா பின்னால போயி வால்வைத் தொறந்து வுடணும்."
நான் எழுந்து கை கழுவிக்கொண்டேன்.