பூரணத்தின் பெயர் எழுதிய கண்ணாடி

மச்சான்,

நேற்று எங்கள் வீட்டுக்கு மலேரியா நுளம்புக்கு மருந்தடிக்க வந்தார்கள். சுவர் முழுக்க வெள்ளைத் திட்டு, அலுமாரிக்குப் பின்னால் செத்த கரப்பான்கள், பாயை எத்தனை தரம் உதறினாலும் போகாத அந்த மணம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். நான் உள்ளேயே இருந்தேன். எனக்கு அது உன் மணம். உன் காக்கிச் சட்டையிலும் சைக்கிள் பையிலும் எத்தனையோ வருடம் அதுதான் வீசியது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுத இருக்கிறேன். வாசிக்க நீ இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

நாம் இருவரும் ஒரே மலேரியாக் கந்தோரில்தான் சம்பளம் வாங்கினோம். நீ வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்தவன், நான் இந்தக் கரையில், பட்டணத்துக்குப் பக்கத்து நாவற்குடாக்காரன். வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டைகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நீ சைக்கிளில் போவாய். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிக்கொண்டு வருவாய். பட்டணத்தில் நிழலில் உட்கார்ந்து, அதற்குச் சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் கிருமி தேடுவது என் வேலை. சனங்கள் உனக்கு ‘ரத்தக்காரன்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். எனக்குப் பட்டம் வைக்க அவர்கள் என் முகத்தையே கண்டதில்லை.

கண்ணாடிகளை மேசையில் அடுக்கும்போது உன் வாய் சும்மா இராது. காடேறிக் கிடக்கும் பழைய குளங்களைப் பற்றிச் சொல்வாய். “ராசாக்கள் படைக்குப் பயந்து ஓடினது எண்டு புத்தகத்தில எழுதியிரிக்கி. பொய் மச்சான். நுளம்புக்குப் பயந்து ஓடியிரிக்காங்க.” பழைய பாட்டுகளும் உனக்குப் பாடம். காதலில் மெலிந்து உடம்பு சுடும் பெண்ணைக் கண்டு, என்ன நோயோ என்று பதறி, வேலனை அழைத்து வெறியாட்டு நடத்தும் தாய்மாரைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்வாய். “பாவம் அந்தத் தாய். அவக்குக் கிடைச்ச ரிப்போர்ட் பிழை.” நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு வராது. அவவின் இளமைக் காலத்தில் வந்த பெருங்காய்ச்சலில், பிரேதம் தூக்க நாலு பேர் இல்லாத வீடுகளைக் கண்டவ. நம் காலத்தில் அது மெல்ல மெல்ல ஒழிந்தது. மாதக்கணக்கில், பிறகு வருடக்கணக்கில், நீ கொண்டுவந்த கண்ணாடி எதிலும் ஒன்றும் இல்லை. மருந்தடிப்பதையும் நிறுத்தினார்கள். ஒரு கண்ணாடியில் நூறு இடம் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் எழுபது பார்த்தேன், பிறகு ஐம்பது, பிறகு முப்பது. இல்லாத ஒன்றை எதற்குத் தேடுவது என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

உன் மனைவி பூரணம் எனக்கு எத்தனையோ தரம் சோறு போட்டிருக்கிறாள். வாவி மீன் ஆணம் வைத்தால் தலைப் பக்கம் எனக்குத்தான். “அண்ணன் கண்ணால உழைக்கிற மனிசன், மீன் தலை திண்டாத்தான் கண் தெளியும்” என்று என்னைப் பகிடி பண்ணுவாள். அந்த மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள், வெள்ளத்தில் பாதி வழி சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு, நனைந்து வந்து நின்றாய். கண்ணாடி மட்டும் தகரப் பெட்டிக்குள் நனையாமல் இருந்தது.

“பூரணத்திட மச்சான். வடிவாப் பாரு.”

“மாத்திரை உன்ட பையில இரிக்கிதானே. குடுத்திருக்கலாமே.”

“மாத்திரை தட்டுப்பாடு. ரிசல்ட் இல்லாம என்ட வீட்டுக்கு எடுத்தா, மறுகா ஊரில எந்த முகத்தோட நிக்கிற?”

உன் நேர்மை எனக்குத் தெரியாததல்ல. நான் ‘உண்டு’ என்று எழுதினால் அவளுக்கு மாத்திரை, ‘இல்லை’ என்று எழுதினால் மாத்திரை இல்லை. நீ வாங்குப் பலகையில் உட்கார்ந்து தலை துவட்டினாய். நான் பார்க்கத் தொடங்கினேன். அன்று மாலை எங்கள் மாதா கோயிலில் கரோல் பாட்டுப் பயிற்சி இருந்தது. மழை விட்ட நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம், வேறொன்றும் இல்லை. முப்பது இடம் பார்த்தேனோ என்னவோ. எழும்பி, “ஒண்டும் இல்ல மச்சான், நெருப்புக்காய்ச்சலா இரிக்கும், கஞ்சி குடு” என்றேன். உன் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்து அமத்திவிட்டுப் போனாய்.

ஆறாம் நாள் அவளுக்கு அறிவு தவறியது. தோணியில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தீர்கள். செய்தி கேட்டு நான் துறையில் காத்து நின்றேன். தோணி கரை தட்டியபோது நீ அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தாய். இறங்கவில்லை. “திருப்புங்க, ஊருக்குப் போவம்” என்று மட்டும் சொன்னாய்.

அடக்கம் முடிந்த மறுநாள் கந்தோருக்கு யாரும் வருமுன் போய், அந்தக் கண்ணாடியை எடுத்து வைத்து எண்ணினேன். நாற்பத்தோராவது இடத்தில் கிருமி இருந்தது. ஒரு புள்ளி வைத்த சின்ன மோதிரம். அடுத்த இடத்தில் இரண்டு. நூறு முடியுமுன் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. அப்போதாவது உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. கண்ணாடியைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து, சுத்தமான கண்ணாடிகளோடு சேர்த்து வைத்தேன். அது அடுத்த கிழமை வேறு யாருடைய இரத்தத்துக்கோ ஏதோ ஓர் ஊருக்குப் போயிருக்கும்.

எட்டாம் நாள் செலவு முடிந்து நீ வந்தாய். தாடி வளர்ந்திருந்தது. வடிவாகப் பார்த்தாயா என்று கேட்பாய் என்று இருந்தேன். நீ கேட்டதோ வேறு.

“மச்சான், அந்தக் கண்ணாடி இரிக்கா? அவளை ஒரு படம் புடிச்சுவைக்கயில்ல. உடுப்பையும் அவளோட வைச்சிட்டாங்க. அவள்ட எண்டு மிச்சம் அந்தத் துளி ரத்தம்தான். எனக்குத் தருவியா?”

கழுவிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வழக்கமாகக் கழுவுகிறவைதான், நீ நம்பியிருப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது என் வாயில் வரவில்லை. “தேடி எடுத்து வைக்கிறன், நாளைக்கு வா” என்றேன். நீ போனதும் என் விரலில் குத்தினேன். துளியைப் பூசி, காயவைத்து, நல்ல ஊதாவாகச் சாயம் ஏற்றி, ஓரத்தில் அவளுடைய பெயரை எழுதினேன். மறுநாள் நீ அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாய்.

தை பிறந்தபின் வெல்லாவெளியில் இருந்து வந்த கண்ணாடிகளில் மோதிரங்கள் தெரியத் தொடங்கின. ஒழிந்தது என்று நாம் சொன்ன காய்ச்சல் ஊர் ஊராகத் திரும்பி வந்தது. நீ ஒரு நாள் என் மேசையருகே நின்று, “அவளுக்கும் இதுதானோ மச்சான்?” என்று கேட்டாய்.

“இல்ல. நான் வடிவாப் பார்த்தன்.”

“நீ பார்த்தாச் சரிதான்” என்றாய். அதன்பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை.

உன் வீட்டுச் சாமித்தட்டில், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில், பஞ்சு விரித்து அதை வைத்திருந்தாய். வெள்ளிதோறும், நான் வந்திருக்கும்போதும், அதற்கு விளக்கேற்றுவாய். ஒருமுறை அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “நிறம் மங்கயில்ல பாரு. நல்லாச் சாயம் போட்டிரிக்காய்” என்றாய். அன்று உன் வீட்டில் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். வயிறு சரியில்லை என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

நெஞ்சுவலி வந்து நீ ஒரே பகலில் போய்விட்டாய். பெட்டியை மூடுமுன் உன் அண்ணன் உள்ளே போய் அந்தக் கண்ணாடியை எடுத்து வந்தார். “இது இல்லாம தம்பி கிடக்கமாட்டான்” என்று உன் சட்டைப் பையில் வைத்தார். நான் தலைமாட்டில்தான் நின்றேன். வாய் திறக்க நேரம் இருந்தது, திறக்கவில்லை. பூரணத்துக்குப் பக்கத்திலேயே உன்னை இறக்கினோம். நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

இப்போது ஒவ்வொரு கண்ணாடியிலும் நூறு இடம் எண்ணித்தான் எழும்புகிறேன். அதை ஒரு பரிகாரமாக உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சுமப்பது அது அல்ல. வெள்ளி தவறாமல் ஏழு வருடம் நீ விளக்கேற்றிக் கும்பிட்டது, உன் பூரணத்தைச் சாகவிட்டவனின் இரத்தத்தை.