கேட்காமல் தூக்க வைத்த கை

ஞாயிறு, இரவு.

கட்சிக் கூட்டத்துக்கு இன்றும் நான்தான் மைக் பூட்டினேன். தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சமஷ்டி ஆட்சியைக் கேட்பது முதலாளிமாரின் இனவாதம், தொழிலாளரைப் பிரித்துவிடும் என்று ரஞ்சித் தோழர் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். முன்பு என் மனைவி வாணி பக்கத்தில் நின்று தமிழில் சொல்வாள். அவள் இறந்தபின் அந்த வேலைக்கு யாரையும் போடவில்லை.

"தமிழ்ல யாரு சொல்றது, தோழர்?" என்றேன்.

"நேரமில்ல தம்பி. எல்லாரும் ஒரே வர்க்கம்தானே," என்றவர் உடனே கை தூக்கச் சொன்னார்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியக்கா பிறகு என்னிடம் வந்தார்.

"எதுக்கு தம்பி கை தூக்கச் சொன்னாங்க?"

"சமஷ்டி வேணாம்னு, அக்கா. நம்ம ஆளுங்களுக்கு தனி அதிகாரம் வேணாம்னு."

"அத என்னைய யாரும் கேக்கலயே. பக்கத்துல தூக்குனாங்க, நானும் தூக்குனேன்."

இதற்குப் பெயர் தொழிலாளர் ஒற்றுமையாம். வாணி செத்து அவள் இடம் காலியாகவே கிடந்தபோதுகூட, தமிழ் ஆட்களை இந்தக் கட்சி எதுவும் கேட்பதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு உறைக்கிறது.