பன்னிரண்டு பிளேட்டும் ஒரு நாற்காலியும்

1936 ஜூன் 3, தென்காசி

ஸ்டாண்டில் ஒரு கால் ஆடுகிறது. தச்சரிடம் காட்டலாம் என்று கேமராவோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ரத வீதியில் நடந்தேன். காப்பிக் கடையில் பேச்சு நின்றது. பூக்காரி எழுந்து நின்றாள். சைக்கிளில் வந்த பிச்சையா இறங்கி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “யாரு வீட்டுல அண்ணாச்சி?” என்று கேட்டான். யார் வீட்டிலும் இல்லை, தச்சர் வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

“ஐயோ பாவம், தச்சரா? நேத்துக்கூட வாய்ச்சி பிடிச்சிட்டு இருந்தாரே” என்றான்.

பதினான்கு வருடத் தொழில் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த மரியாதை இது. உயிரோடு இருக்கிறவன் படம் எடுத்துக்கொண்டால் ஆயுசு குறையும் என்பது இந்தப் பக்கத்துச் சாஸ்திரம். செத்தவருக்கு அந்தக் கவலை இல்லை. குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, நழுவாமல் இருக்க ஒரு துணியால் கட்டி, சுற்றிலும் சொந்தங்கள் நிற்க எடுப்பேன். பிறகு கடைக்கு வந்து, அச்சான படத்தில் மெல்லிய தூரிகையால் கண்ணைத் திறந்து வைப்பேன். ‘வல்லிநாயகம் கண் திறந்தா செத்தவரு பேசுவாரு’ என்று ஊரில் பெயர். நல்ல பெயர்தான். ஆனால் கடைக்குள் தாமாக வந்து உட்கார்ந்த ஒருவரை இதுவரை நான் எடுத்ததில்லை.

என் கடைச் சுவரில் பிணமில்லாத படம் ஒன்றே ஒன்றுதான், காசி விசுவநாதர் கோயில் கோபுரம். அதுவும் இடி விழுந்து பிளந்து கிடக்கிறது.

ஜூன் 6

முடிவு செய்துவிட்டேன். ஒரு வாரம் மெட்ராஸ். ஒரு டஜன் கண்ணாடி பிளேட், பிளேட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம். பெரிதாக்கிக் கடைச் சுவர் முழுக்க மாட்ட வேண்டும். வருகிறவன் கப்பலைப் பார்க்கட்டும், டிராமைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, ‘இவன் உயிருள்ளதையும் எடுப்பான் போலிருக்கே’ என்று ஒரு நிமிஷம் நினைக்கட்டும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இத்தனை செலவும்.

திட்டம்: முதல் நாள் துறைமுகம், இரண்டு பிளேட். இரண்டாம் நாள் ஐகோர்ட்டு, அதன் உச்சியில் இருக்கும் வெளிச்ச வீடு. மூன்றாம் நாள் டிராம். நான்காம் நாள் கடற்கரை, கட்டுமரம் கரையேறும்போது. ஐந்து மயிலாப்பூர்த் தெப்பக்குளம். ஆறு மூர் மார்க்கெட். ஏழாம் நாள் விட்டுப்போனதை எடுக்க.

கல்யாணசுந்தரியிடம் வாசித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டே முழுதும் கேட்டாள். “எல்லாம் சரி. அங்கயும் யாராவது செத்தாத்தான உங்களுக்குக் கை வரும்?” என்றாள். பெண்டாட்டி வாயில் சர்க்கரை போட வேண்டும்.

ஜூன் 10

அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. என் கேமரா பழையது. மூடியைக் கழற்றி, ஒன்று இரண்டு எண்ணி, திரும்ப மூட வேண்டும். என் வாடிக்கையாளர்கள் யாரும் அசைந்ததில்லை. அதனால் இது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை. பழைய பிளேட் ஒன்று கிடந்தது. சாரல் தொடங்கிவிட்டதே, அசைகிற ஒன்றை எடுத்துப் பழகலாம் என்று குற்றாலம் போனேன். பேரருவிக்கு எதிரே நின்று, தெறிக்கிற தண்ணீரைக் குடையால் தடுத்துக்கொண்டு எடுத்தேன்.

கழுவிப் பார்த்தால் பாறையின் மேல் யாரோ எட்டு முழ வேட்டி காயப் போட்ட மாதிரி இருக்கிறது. குளித்துக்கொண்டிருந்த நாற்பது பேரில் ஒருவனுக்கும் முகம் இல்லை.

ஜூன் 13

தபாலில் புது பிளேட் பெட்டி வந்தது. இருபத்திரண்டாம் தேதி ரயில். யார் செத்தாலும் இதைத் தொடுவதில்லை.

ஜூன் 17

தொட வேண்டியிருக்குமோ?

மேலகரத்துப் பரமசிவன் அண்ணாச்சி கடைக்கு வந்தார். கடைக் கட்டடம் அவர்கள் குடும்பத்துடையது. அப்பா நாறும்பூநாதருக்கு எண்பத்தொரு வயது, மூன்று வாரமாகப் படுக்கை. கஞ்சி இறங்கவில்லை. வைத்தியர் பத்து நாள் என்று சொல்லிவிட்டாராம். பெரியவர் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டவர் இல்லை. கேமரா என்றாலே அடிக்க வருவார்.

“நாளைக்குச் சுவத்துல மாட்ட ஒண்ணும் இல்லாமப் போயிருமே. நீரு மெட்ராசுக்குப் போறதாச் சொல்லுதாவ. திருநெல்வேலியில இருந்து ஆளு வருத வரைக்கும் உடம்பு தாங்குமாவே? பத்தே நாளு. பொறுத்துக்கிடும்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? கட்டடமும் அவருடையது, அப்பாவும் அவருடையவர். ஒரு மனிதர் சாவதற்காகக் காத்திருக்கிறேன் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் உண்மை, மனதுக்குள் முதலில் வந்த கணக்கு: பத்து நாளில் முடிந்தால் ஜூலை முதல் வாரம் போய்விடலாம்.

ஜூன் 19

மேலகரம் போனேன். கூடத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று முன்னாலேயே பார்த்து வைக்கச் சொன்னார் பரமசிவன். ஸ்டாண்டை நிறுத்தினேன். வீட்டில் இருந்த நாற்காலிகளில் முதுகு உயரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஜன்னலுக்கு நேரே போட்டேன். தலை சாயாமல் இருக்க அதுதான் சரி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். காலி நாற்காலி தலைகீழாகத் தெரிந்தது.

துணியை விலக்கியபோது, கட்டிலிலிருந்து பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னதுவே?”

“கேமரா, ஐயா.”

“யாருக்கு?”

பரமசிவன் உத்தரத்தைப் பார்த்தார். மருமகள் அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் ஒரு பொய் சொன்னேன். மெட்ராஸ் போகிறேன், கடல் கப்பலையெல்லாம் எடுக்க. போகும் வழியில் பெரியவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

“கடலு திருச்செந்தூர்லயும் இருக்கே” என்றார்.

அங்கே கப்பலும் டிராமும் ஐகோர்ட்டும் இல்லையே என்றேன். ஐகோர்ட்டு என்றதும் தலையைக் கொஞ்சம் தூக்கினார். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய வயல் வழக்கு அங்கேதான் நடந்ததாம். அண்ணன் போனார், இவர் போகவில்லை.

“என் வயக்காட்டுக்குத் தீர்ப்புச் சொன்ன கட்டடத்தை நான் இன்னும் பார்க்கலைவே. வேற எங்கெல்லாம் போறீரு? சொல்லும்.”

திட்டத்தை எடுத்து வாசித்தேன். ஐந்தாம் நாள் வரும்போது தூங்கிவிட்டார். பரமசிவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். தூக்கம்தான்.

ஜூன் 21

கூப்பிட்டு அனுப்பினார். பெரியவரே. திட்டத்தை மறுபடி வாசிக்க வேண்டுமாம். முதல் நாள் துறைமுகம் தப்பு என்கிறார். ரயிலில் போன உடம்பு அலுத்திருக்கும். முதல் நாள் ஐகோர்ட்டுதான் சரி. கட்டில் அருகே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார்.

ஜூன் 22

என் ரயில் போய்விட்டது. சத்தம் கேட்டது.

ஜூன் 25

கஞ்சி வேண்டாம், பழையது வேண்டும், தொட்டுக்கொள்ளத் துவையல் வேண்டும் என்றாராம். எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மூர் மார்க்கெட்டுக்கு எதற்கு ஒரு நாள் முழுக்க என்று என்னோடு அரை மணி சண்டை போட்டார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, தான் சொன்ன பத்து நாளைப் பற்றி ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வாசலில் பரமசிவன் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. அப்பா பிழைத்ததில் அவருக்கு வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஒரு காரியத்துக்கு ஆளைக் கூப்பிட்டால் அவன் வேறு காரியம் செய்துவிட்டுப் போகிறானே என்கிற பார்வை.

ஜூன் 29

நினைத்தபடியே ஆகிவிட்டது. பெரியவரும் மெட்ராஸ் வருகிறாராம். மகன்கள் கூட வரக்கூடாதாம்; வந்தால் ஊரைப் பார்க்கவிடாமல் உடம்பைப் பார்ப்பார்களாம். வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் பரமசிவன் என்னைத் தொழுவத்துப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். வேண்டாம் என்று தடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“போறதுதான் போறீரு. அங்கன ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, கேமரா கையிலதான இருக்கும்? ஒரே ஒரு பிளேட்டை மட்டும் தனியா வச்சிரும்” என்றார்.

அவர் கவலை அவருக்கு. சரி என்றேன்.

ஜூலை 2, ரயிலில்

ராஜபாளையம் தாண்டியதும் பெரியவர் கேட்டார்.

“அன்னைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டாந்து வச்சீரே. எனக்குத்தான?”

இரண்டாவது பொய் வாய்க்கு வரவில்லை. ஆமாம் என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். விருதுநகர் வரைக்கும், ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

“நாற்காலி யாரு எடுத்தா, நீரா?”

“நான்தான்.”

“அது கால் ஆடுமே வே. விழுந்து வச்சிருப்பேன்.”

சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பிந்தி.

ஜூலை 4, மெட்ராஸ்

ஐகோர்ட்டு. எதிரே ஸ்டாண்டை நிறுத்தி, துணிக்குள் தலையை விட்டு, எல்லாம் பொருத்தி, வெளியே வந்து மூடியைக் கழற்றினேன். கட்டடத்துக்கு முன்னால் பெரியவர் நிற்கிறார். என்னை எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆயுசு குறையும் என்று ரயிலில் மூன்று தடவை சொன்னவர்.

“எனக்குன்னு ஒருக்கா ஏற்பாடு பண்ணியாச்சு. இனிமே குறையுததுக்கு என்ன இருக்கு? எடும்” என்றார். சொல்லிக்கொண்டே திரும்பிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். “இதுக்கா நாலு வயலை வித்தோம்? கேஸு ஜெயிச்சுது வே. வயலுதான் இல்லை.”

அசையாதீங்க என்று கத்தினேன்.

“அசையாம இருக்கதுக்கு ஒரு நாளு இருக்கு. அன்னைக்கு இருக்கேன்” என்றார்.

ஒரு பிளேட் போச்சு.

ஜூலை 7

டிராமுக்கு முன்னால் அவர். கப்பலுக்கு முன்னால் அவர். தெப்பக்குளத்துக்கு முன்னால், கையில் கடலைப் பொட்டலத்தோடு அவர். நான் எடுக்க வந்தது மெட்ராசை. அது அவர் தோளுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது.

பரமசிவன் சொன்ன அந்த ஒரு பிளேட்டை மட்டும் தனியாக வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் கடற்கரையில் அதையும் கேட்டார். இது வேண்டாம் ஐயா என்றேன். என்னவென்று புரிந்துகொண்டார். “அதைத்தான் முதல்ல எடுத்திருக்கணும்” என்று சொல்லி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அலையில் போய் நின்றார்.

எடுத்தேன். இனி ஊர் திரும்பும் வரை அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்று சாமியைக் கும்பிட்டேன். தொழிலுக்காக இல்லை.

ஜூலை 15, தென்காசி

கழுவி முடித்தாகிவிட்டது. பன்னிரண்டு பிளேட், பன்னிரண்டிலும் நாறும்பூநாதர். பதினொன்றில் ஆள் கலைந்துபோயிருக்கிறார். ஒன்றில் மூன்று கை. கடற்கரைப் படம் மட்டும் அச்சடித்த மாதிரி தெளிவாக விழுந்திருக்கிறது. அலை வேட்டி காயப் போட்ட மாதிரிதான் இருக்கிறது. அதன் நடுவில் அவர், ஒரு முடி அசையாமல். ஆனால் சிரித்த சிரிப்பில் இரண்டு கண்ணும் இறுக மூடியிருக்கின்றன.

பதினான்கு வருடத்தில் முதல் முறையாக உயிருள்ள ஒருவரைத் தெளிவாக எடுத்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பரமசிவன் பார்த்தார். “இதுல கண்ணைத் திறந்து வச்சிரலாமே. உம்ம கைவேலைதான?” என்றார். தூரிகையை எடுத்தேன். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு கழுவி வைத்துவிட்டேன். இது மூடிய கண் இல்லை, சிரிக்கிற கண் என்று சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை.

கடைச் சுவரில் ஒரு பிரதி மாட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 9

ஊரில் சாஸ்திரம் மாறிவிட்டது. வைத்தியர் பத்து நாள் கெடு வைத்த கிழவர் படம் எடுத்துக்கொண்டபின் மேலகரத்திலிருந்து தென்காசிச் சந்தைக்கு நடந்து வருகிறார் என்பதால், என் கேமராவில் விழுந்தால் ஆயுசு கூடும் என்கிறார்கள். இன்று பிச்சையா தன் தாயாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாளை இலத்தூரிலிருந்து ஒரு குடும்பம். நான் மறுத்துப் பேசவில்லை. முன்னே சொன்னதையும் நான் மறுத்துப் பேசவில்லையே.

எல்லாரும் அசைகிறார்கள். கெட்டுப்போகிற பிளேட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேகமாக மூடித் திறக்கிற கேமரா ஒன்று வாங்க வேண்டும்.

1939 பிப்ரவரி 11

காலையில் மேலகரத்துப் பண்ணையாள் சுடலைமாடன் வந்தான். பெரியவர் விடியும் முன்னால் போய்விட்டார்.

நான் எழுந்து ஸ்டாண்டை எடுத்தேன். கை தானாகப் போகிறது.

“அது வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ அண்ணாச்சி. படம்தான் இருக்கேன்னாவ. நீங்க மட்டும் வந்தாப் போதுமாம்.”

வெறுங்கையோடு ரத வீதியில் நடந்தேன். காப்பிக் கடையில் பேச்சு நிற்கவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. பிச்சையா சைக்கிளிலிருந்தபடியே கையைத் தூக்கிவிட்டுப் போனான். ஒரு சாவுக்குப் போகிறேன் என்று எவனுக்கும் தெரியவில்லை.

கூடத்தில் கடற்கரைப் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். கண்ணை இறுக மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பாயிலும் கண் மூடித்தான் இருந்தார். சொன்ன சொல் மாறாமல், அசையாமல். இத்தனை வருடம் இந்த மாதிரி வீடுகளில் என் தலை கறுப்புத் துணிக்குள் இருக்கும். என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. இன்று எல்லாரும் பார்க்க அழுதேன்.

பரமசிவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். முதுகு உயரமான நாற்காலி. கால் ஆடியது. பெரியவரைத் தூக்கிக்கொண்டு போகும் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.